சண்டே மார்க்கெட் வாட்ச்

மெரின் சீட்டில் உட்காரவே இல்லை. நெல்லித்தோப்பில் கிளம்பியதிலிருந்து நின்றுகொண்டேதான் சைக்கிளை மிதித்தாள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஒரு டெம்போக்காரன் ஹாரனை அழுத்தி, "சாவுறதுக்கு வேற எடம் கெடைக்கலியா பாப்பா?" என்றான். வேறொரு நாளாக இருந்தால் அவளும் பதிலுக்கு ஏதாவது கேட்டிருப்பாள். இன்று வீட்டு வாசலில் சாமியானா போட்டிருந்தது. நடு அறையில், பெட்டிக்குள், கிறிஸ்துதாஸ் மாமா படுத்திருந்தார். நான்கு மணிக்குக் கோயிலில் அடக்கப் பூசை. அதற்குள் அவருடைய வாட்ச்சுக்குப் பேட்டரி போட்டு எடுத்துக்கொண்டு போயாக வேண்டும்.

வாட்ச், ஆஸ்பத்திரியில் கொடுத்த அதே பாலிதீன் கவரில், சைக்கிளின் முன்கூடையில் கிடந்தது. ரோட்டில் இருந்த ஒவ்வொரு பள்ளத்துக்கும் எகிறி எகிறி விழுந்தது.

எல்லாம் அம்மாவின் பிடிவாதம். அம்மா அகஸ்டினாவுக்கு மாமா ஒரே தம்பி. நாற்பத்து மூன்று வயது வரை கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் அக்கா வீட்டிலேயே சாப்பிட்டு, அக்கா வீட்டிலேயே தூங்கி, காலையானால் நோணாங்குப்பம் போட் ஹவுஸுக்குப் படகு ஓட்டப் போகிறவர். "தண்ணியில குதிக்கறப்பகூட அத கழட்டாதவன். நின்னுபோன வாட்ச கட்டி என் தம்பிய அனுப்ப மாட்டேன்" என்று பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அம்மா சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை எவன் ரிப்பேர் கடை திறந்து வைத்திருப்பான் என்று அப்பா கேட்டார். அம்மா காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

"நான் போறேன்" என்று மெரின் எழுந்தபோது எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வியாழக்கிழமையிலிருந்து அந்தப் பெண் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. துக்கம் என்று நினைத்தார்கள். துக்கம்தான். ஆனால் அதைவிடப் பெரிதாக ஒரு பயம் அவளைப் பிடித்திருந்தது. புதன்கிழமை சாயங்காலம் அவள் மாமாவைப் பார்த்துச் சொன்னது அவளுக்கும் மாமாவுக்கும் மட்டும்தான் தெரியும். இப்போது அவளுக்கு மட்டும்.

அந்த வாட்ச் ஒன்றும் புதுச்சேரியில் யாரும் பார்க்காத வாட்ச் இல்லை. கறுப்பு முகம், மணி எண்களுக்குப் பதில் வெள்ளைப் பொட்டுகள், சுற்றிலும் திருகினால் நகரும் ஒரு வளையம், தடிமனான எவர்சில்வர் செயின். காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமை தோறும் துணி விரித்துக் குவியல் குவியலாக விற்கிற அதே முகம். காலேஜ் பையன், கல்யாண மாப்பிள்ளை, வார்டு கவுன்சிலர், எல்லோர் கையிலும் அதுதான். மாமாவுடையது மட்டும் அங்கே வாங்கியது இல்லை என்று மாமா சொல்வார்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் பாரடைஸ் பீச்சுக்கு ஒரு வயதான பிரெஞ்சுக்காரரை ஏற்றிக்கொண்டு போனாராம். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தவரை அலை இழுத்துக்கொண்டு போயிற்றாம். மாமா குதித்து, தலைமுடியைப் பிடித்து இழுத்து வந்து கரையில் போட்டாராம். அந்த மனிதர் இருமி முடித்ததும் ஒன்றும் பேசாமல் தன் கையிலிருந்ததைக் கழட்டி மாமா கையில் மாட்டிவிட்டு, "மெர்சி" என்று நன்றி சொன்னாராம். கதை என்னவோ நல்ல கதைதான். முதல் தடவை சொன்னபோது அலை ஆள் உயரம் இருந்தது. அடுத்த கிறிஸ்துமஸுக்குள் தென்னைமர உயரம் ஆகிவிட்டது. அங்கேதான் மாமா கெட்டார்.

மெரினின் அப்பா ஜோசப் ஆனந்த் அதைச் சும்மா விடமாட்டார். "முங்கிப் பொழச்சவன் கையில அம்பது ரூவா குடுப்பான், வாட்சா குடுப்பான்? சண்டே மார்க்கெட்ல வாங்கிட்டு வந்து கத உடறான் உன் தம்பி" என்பார் சாப்பாட்டில் கை வைத்தபடி. மாமா கோபித்துக்கொள்ள மாட்டார். "மச்சான், அஞ்சு வருசமா பேட்டரியே மாத்தல. கையில இருந்தா ஓடும், கழட்டுனா செத்துடும்" என்பார். அதையும் சேர்த்துப் புளுகுக் கணக்கில் போட்டுக்கொண்டார்கள். கடைசியாக மாமா சொல்வது எப்போதும் ஒன்றேதான்: "எவன் நம்பறானோ அவன் கட்டிக்கட்டும் எனக்கப்புறம்."

நம்பியவன் ஊரில் ஒரே ஒருவன். படகில் மாமாவோடு கூட நிற்கிற கொளஞ்சி. அன்றைக்குத் தானும் படகில் இருந்ததாகச் சாட்சிகூடச் சொல்வான். ஆனால் கிறிஸ்துதாஸ் அண்ணன் கடலில் யானையைப் பார்த்தார் என்றாலும் கொளஞ்சி சாட்சி சொல்லக்கூடியவன்.

மெரினும் சின்ன வயதிலிருந்து நம்பிக்கொண்டுதான் இருந்தாள். பிளஸ் ஒன் சேர்ந்த பிறகு வகுப்பில் பெருமையாகச் சொல்லப்போய், அதே முகமுள்ள வாட்ச்சை மூன்று பெண்கள் தங்கள் அண்ணன்களிடமிருந்து வாங்கிக்கொண்டு வந்து மேஜையில் வரிசையாக வைத்துச் சிரித்தார்கள். புதன்கிழமை அது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தவளிடம் மாமா வாட்ச்சைக் காட்டி ஏதோ ஆரம்பித்தார். "உன் வாட்சும் டூப்ளிகேட்டு, நீயும் டூப்ளிகேட்டு மாமா" என்றாள்.

எப்போதும் ஒரு பதில் வைத்திருக்கிறவர் அன்றைக்குச் சிரித்ததோடு சரி. மறுநாள் காலை பத்து மணிக்குப் படகுத்துறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கோரிமேடு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நர்ஸம்மா வாட்ச்சையும் பர்ஸையும் கவரில் போட்டு, வாசலில் நின்றிருந்த மெரினிடம்தான் கொடுத்தார். சனிக்கிழமை விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வீட்டில் கவரைப் பிரித்தபோது வாட்ச் ஒன்று இருபதில் நின்றிருந்தது. "பேட்டரி போயிடுச்சு. சண்டே மார்க்கெட் சரக்கு வேற எப்பிடி இருக்கும்?" என்றார் அப்பா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. அவருக்கு அழுதுகொண்டே கிண்டல் பண்ண வரும்.

காந்தி வீதியில் சைக்கிள் நுழையவில்லை. ஒரு மருந்துக்கடையின் இறக்கிவிட்ட ஷட்டருக்கு முன்னால் நிறுத்திவிட்டு, கவரை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடினாள். செருப்பு, பனியன், பிளாஸ்டிக் குடம், பிறகு வாட்ச்சுகள். "டைவர் மாடல், டைவர் மாடல், தண்ணியில போட்டாலும் ஓடும்" என்று ஒருவன் பக்கெட் தண்ணீரில் ஒன்றை முக்கிக் காட்டிக்கொண்டிருந்தான். நூறு கறுப்பு முகங்கள் வெயிலில் அவளைப் பார்த்தன.

வாட்ச் ரிப்பேர் கலியமூர்த்தியின் கடை ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைதான் அவருக்கு வியாபாரம். காலையில் வாங்கியவன் மத்தியானமே அவரிடம் வந்துவிடுவான். மெரின் மூச்சு வாங்கிக்கொண்டு கவரை நீட்டினாள்.

"பேட்டரி போடணும் அங்கிள். சீக்கிரம்."

அவர் வாட்ச்சை எடுத்தார், பார்த்தார், திருப்பி அவளிடமே நீட்டினார். "ஓடற வாட்சுக்கு எதுக்கு பாப்பா பேட்டரி?"

மெரின் பார்த்தாள். வினாடி முள் போய்க்கொண்டிருந்தது. ஒன்று இருபதில் நின்றது இப்போது ஒன்று முப்பத்தி மூன்றில் இருந்தது. யார் இதை ஓட்டினார்கள்? வீட்டில் எத்தனை பேர் எடுத்துப் பார்த்தார்கள், காதில் வைத்தார்கள், செத்துக் கிடந்தது. கவரோடு தூர எறிந்துவிட்டு ஓடலாமா என்று இருந்தது.

"வரும்போது ஓடல அங்கிள். நேத்துலேருந்து ஓடல." குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

"சைக்கிள்லயா வந்தே?"

"ஆமா."

அவர் மறுபடி வாங்கி, இந்தத் தடவை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு தன் சட்டைக் கையை மடக்கினார். அவர் கையிலும் அதே முகம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"பாரு. என்னுது முள்ளு குதிக்குது, டக்கு டக்குனு. இது குதிக்கல. வழுக்கிக்கினு போவுது."

போயிற்று. எண்ணெய் தடவிய மாதிரி, எங்கேயும் நிற்காமல் போயிற்று. ஐந்து வருஷமாகக் கண்ணெதிரில் இருந்ததை அவள் ஒரு நாளும் பார்க்கவில்லை.

"குலுங்கினா ஓடற வாட்சு இது. ஆனா அதனால ஒரிஜினல்னு ஆயிடாது. அதுலயும் டூப்ளிகேட் வருது. உள்ள பாத்தாத்தான் தெரியும்" என்று சொல்லி, அடி டிராயரிலிருந்து துணியில் சுற்றிய ஒரு கருவியை எடுத்தார். அதிகம் உபயோகப்படாதது என்று பார்த்தாலே தெரிந்தது. பின்பக்க மூடியில் அதன் பற்களைப் பொருத்தி, ஊறுகாய் ஜாடி மூடியைத் திறப்பது மாதிரி மெல்லத் திருகினார்.

பேட்டரி இருக்க வேண்டிய இடத்தில் பேட்டரி இல்லை. அரைநிலா மாதிரி ஒரு தகடு, அவர் கை லேசாக ஆடியதற்கே சுற்றிச் சுற்றி வந்தது. அதற்குக் கீழே ஊசிமுனைச் சக்கரங்கள், பூச்சி கடித்த மாதிரிப் பொடி எழுத்துகள், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு வளையம் மூச்சு விடுவதுபோல் இப்படியும் அப்படியும். கலியமூர்த்தி கண்லென்ஸை மாட்டிக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. பக்கத்தில் பெல்ட்டுக்கு ஓட்டை போட வந்த ஆளை, "அப்பறம் வாய்யா" என்று அனுப்பிவிட்டார்.

"டூப்ளிகேட்டா அங்கிள்?"

"முப்பது வருசமா இந்த மூஞ்சிக்கு பேட்டரி போட்டுக்கினு இருக்கேன்" என்றார் நிமிராமலே. "உள்ள இன்னைக்குத்தான் பாக்கறேன்."

மெரினுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. இரண்டில் ஒன்றை முடிவு பண்ண முடியாமல் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கடைக்கு மேலே மாடிப்படியில் யாரோ இறங்கும் சத்தம் தடதடவென்று அவள் நெஞ்சுக்குள்ளேயே கேட்டது. அப்படியானால் அலை வந்தது நிஜம். பிரெஞ்சுக்காரர் நிஜம். "மெர்சி" நிஜம். அலை தென்னைமர உயரம் இருந்ததாகக்கூட இருக்கலாம், யார் கண்டது?

கலியமூர்த்தி பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார் போலிருந்தது. அவர் தொழில் கற்றுக்கொண்ட நாளிலிருந்து எத்தனையோ வாட்ச் வந்ததாம். தகடு மாதிரி மெலிசாக வந்தது, சதுரமாக வந்தது, கால்குலேட்டர் வைத்து வந்தது. எல்லாம் போய்விட்டன. இது மட்டும் முகத்தை மாற்றிக்கொள்ளவும் இல்லை, போகவும் இல்லை. "தங்கத்துல பண்ணதெல்லாம் பீரோவுல கெடக்குது. எவர்சில்வர்ல பண்ணதத்தான் ஊரே கேக்குது. வேல செய்யற கைக்குன்னு பண்ணான் பாரு, அதான்" என்றார்.

மூடியைத் திருகி மூடி, நேரத்தைத் திருத்தி, துடைத்து, ஒரு நிமிஷம் கட்டிப் பார்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். ஐம்பத்தைந்து வயது ஆள். தன்னுடையதைக் கழட்டி வைத்துவிட்டு அதை மாட்டிக்கொண்டு, கையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாருது பாப்பா?"

"எங்க மாமாவோடது."

"எங்க இருக்காரு?"

"வீட்லதான்" என்றாள் மெரின். பொய் இல்லை.

"அவர்கிட்ட சொல்லு. கையில கட்டியிருக்கற வரைக்கும் கைதான் இதுக்கு பேட்டரி. கழட்டி வெச்சா ரெண்டு நாள் தாங்கும், அப்பறம் நின்னுடும். விக்கறதா இருந்தா என்கிட்ட கேக்காம யாருக்கும் குடுத்துட வேணாம்."

அவர் அதற்கப்புறம் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை என்பதை மெரின் கவனித்தாள். வாட்ச்சைத்தான் பார்த்துப் பேசினார். கழட்டிக் கொடுக்கும்போது விரல்கள் ஒரு கணம் தயங்கின. அவள் ஏறக்குறையப் பிடுங்கிக்கொண்டாள். கூலி வேண்டாம் என்றார்.

செயின் அவள் மணிக்கட்டுக்கு ரொம்பப் பெரிது. முழங்கைக்குக் கிட்டத்தட்ட ஏற்றி மாட்டி, துப்பட்டாவால் மூடிக்கொண்டாள். சைக்கிள் பறந்தது. வியாழன் காலை பத்து மணி. வெள்ளி. சனி ஒன்று இருபது. மாமாவின் கையை விட்டு வந்த பிறகு இரண்டு நாள் ஓடிப் பார்த்திருக்கிறது. கழட்டுனா செத்துடும் என்று அவர் எத்தனை தடவை சொன்னார்.

எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தாள். பெட்டியைச் சுற்றி எல்லோரும் நிற்கும்போது, அப்பாவின் முகத்துக்கு நேராகக் கையை நீட்டி, முள்ளைப் பாருங்கப்பா, குதிக்குதா பாருங்க என்று கேட்க வேண்டும். பெரியத்தை, சித்தப்பா, சாமியார் எல்லோரும் கேட்க வேண்டும். சந்தோஷம் முட்டிக்கொண்டு வந்தது. சாவு வீட்டுக்குப் போகிறவள் மாதிரியே அவள் மிதிக்கவில்லை. பயம் மட்டும் அடியில் அப்படியே இருந்தது. இத்தனையும் நிஜமென்றால், புதன்கிழமை அவள் சொன்னதும் அத்தனைக்கத்தனை மோசம்.

மூன்று இருபதுக்கு வீட்டு வாசலில் இறங்கினாள். போட் ஹவுஸ் ஆட்கள் வந்துவிட்டிருந்தார்கள். ஏழு பேர், துவைத்த வெள்ளைச் சட்டையில், வேனுக்குப் பக்கத்தில் கை கட்டி நின்றார்கள். எல்லோர் கையிலும் அதே கறுப்பு முகம். மாமா கட்டியிருக்கிறார் என்பதற்காக ஒவ்வொருவனாகக் காந்தி வீதிக்குப் போய் வாங்கிக்கொண்டது.

உள்ளே பெட்டியைச் சுற்றி மெழுகுவர்த்திகள் பாதி கரைந்திருந்தன. மாமாவின் விரல்களில் ஜெபமாலை சுற்றியிருந்தது. இடது மணிக்கட்டில் ஏற்கெனவே ஒரு வாட்ச் இருந்தது.

"நீ வர லேட்டாவும்னு கொளஞ்சி தன்னுத அவுத்து கட்டிட்டான்" என்றாள் அம்மா. அழுது அழுது குரல் கம்மியிருந்தது. "ஓடுது. பரவால்ல, அதுவே இருக்கட்டும்."

அப்பா பூமாலையை ஒதுக்கிக்கொண்டே திரும்பினார். "பேட்டரி போட்டியா?"

மெரின் வாயைத் திறந்தாள். ஒத்திகை பார்த்ததெல்லாம் நாக்கு நுனியில் இருந்தது.

"அதுல பேட்டரி போட முடியாதாம்பா."

"நான் அப்பவே சொல்லல? தூக்கிப் போடற சரக்குன்னு" என்றார் அப்பா. பெட்டிக்குள் பார்த்தார். உதடு கோணியது. "பாவி, என்னா புளுகு புளுகிட்டு இருந்தான்" என்று சொல்லிவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு தோள் குலுங்க அழுதார்.

இன்னும் ஒரு வரிதான் பாக்கி. சொல்லியிருக்கலாம். துப்பட்டாவுக்குள் அவள் கை ஏறிப்போய் அதைத் தொட்டது. அப்போதுதான் கொளஞ்சி கண்ணில் பட்டான். கதவுக்கு வெளியே, செருப்பைக் கழட்டிவிட்டு, உள்ளே வரத் தயங்கி நின்றுகொண்டிருந்தான். வலது கை, இடது மணிக்கட்டைப் பிடித்திருந்தது. அந்த இடத்தில் வெயில் படாத தோல் ஒரு வெள்ளைப் பட்டையாக இருந்தது. முதல் சம்பளத்தில் வாங்கிய வாட்ச் அது. குளிக்கும்போது மட்டும் கழட்டுவான், அதுவும் உள்ளே தண்ணீர் போய்விடும் என்று.

மெரினுக்குக் கலியமூர்த்தியின் கண் ஞாபகம் வந்தது. அவள் முகத்துக்குத் திரும்பாத அந்தக் கண். இப்போது அவள் சொன்னால் இந்த அறையில் இருக்கிற அத்தனை கண்ணும் பெட்டியிலிருந்து எழுந்து அவள் கைக்கு வந்துவிடும். அழுதுகொண்டிருக்கிற அப்பாவின் கண் உட்பட. அப்புறம் இந்த வீட்டில் பேச்சு மாமாவைப் பற்றியதாக இருக்காது.

கடைசி முத்தம் கொடுக்கச் சொன்னார்கள். அவள் முறை வந்தபோது குனிந்தாள். யூடிகோலோன் வாசனைக்கு அடியில் கொஞ்சம் டீசல் வாசனை இன்னும் இருந்தது. மணிக்கட்டில் கொளஞ்சியின் முள் டக்கு டக்கென்று குதித்தது.

"பேட்டரி இல்ல மாமா" என்று காதோரம் சொன்னாள்.

பெட்டியை மூடினார்கள்.

கல்லறையில் சாமியார் தண்ணீர் தெளித்து முடித்தார். ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். குழியை மூட ஆட்கள் இருந்தாலும், நாங்களே மூடறோம் என்று போட் ஹவுஸ்காரர்கள் மண்வெட்டிகளை வாங்கிக்கொண்டார்கள். கொளஞ்சி சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தபோது மெரின் குறுக்கே போய் நின்றாள்.

"கைய நீட்டுங்க அண்ணா."

அவன் புரியாமல் நீட்டினான். முழங்கையிலிருந்து இறக்கி, அந்த வெள்ளைப் பட்டையின் மேல் வைத்து மாட்டினாள். கொக்கி மூடவில்லை. இரண்டாவது தடவை அழுத்தியதும் டக்கென்று மூடிக்கொண்டது.

"அண்ணனோடது பாப்பா இது. வீட்ல திட்டுவாங்க."

"நம்பறவன் கட்டிக்கட்டும்னுதான மாமா சொன்னாரு." அவள் தரையைப் பார்த்தாள். "நான் நம்பல அண்ணா. அவர்கிட்டயே சொல்லிட்டேன், புதங்கெழம."

கொளஞ்சி மணிக்கட்டைத் திருப்பி முள்ளைப் பார்த்தான். "சொன்னாரு" என்றான் பிறகு. "போட்ல வந்து சொல்லிச் சொல்லி சிரிச்சாரு. எம் பொண்ணுக்கு வாயப் பாருடா, நம்மளையே கவுத்துட்டாடான்னு."

மெரின் தலையை நிமிர்த்தவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"கழட்டாதீங்க அண்ணா."

"தெரியும். கழட்டுனா செத்துடும்."

அவன் மண்வெட்டியை எடுத்தான். மெரின் அம்மாவின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். அம்மா கொளஞ்சியின் கையைப் பார்த்தாள். பிறகு மெரினின் வெறுங்கையைப் பார்த்தாள். சரிந்திருந்த முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். அப்பா பக்கத்தில் கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தார்.

கொளஞ்சியோடு சேர்த்து எட்டுக் கைகள் மண்ணை அள்ளின. எட்டிலும் ஒரே முகம், ஒரே எவர்சில்வர் மினுக்கம். சாயங்கால வெயிலில் எது எதுவென்று யாராலும் சொல்ல முடியாது. கொளஞ்சி குனிந்து நிமிர்ந்தான், குனிந்து நிமிர்ந்தான். அவன் கை வீசிய ஒவ்வொரு வீச்சுக்கும் உள்ளே அந்த அரைநிலா ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டிருக்கும். குழி மேடாகும் வரை மெரின் அந்த ஒரு மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.